பத்து மில்லி பச்சை

நாத்தனார் ஒருத்தி அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், கேட்பவர்கள் அவளுக்குக் காய்ச்சலோ என்று முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும். எனக்குக் காய்ச்சலும் இல்லை, அண்ணியிடம் ஆகவேண்டிய காரியமும் இல்லை. ஆனால் அவளைத் திருடி என்று சொன்ன வாய்கள் இன்னும் இதே பணிமனையில்தான் டீ குடிக்கின்றன. அந்த டீயைப் போடுகிறவள் நான். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாரிடம் விட்டாலும் பாதியை முழுங்கிவிடுவார்கள்.

இன்னொன்று. அவள் எனக்கு அண்ணியாவதற்கு முன்பே சிநேகிதி. இருவரும் ஒரே சமயத்தில் இந்த பஸ் பணிமனைக்கு வேலைக்கு வந்தோம். நான் கேன்டீனில், அவள் பெயிண்ட் ஷெட்டில். என் அண்ணனுக்குப் பெண் தேடி வீட்டில் எல்லோரும் செருப்புத் தேய அலைந்தபோது, வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு ஏன் அலைகிறீர்கள் என்று இவளைக் காட்டியதே நான்தான். அதனால் என் வாயில் அவள், இவள் என்றுதான் வரும். மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஷெட்டில் ஸ்பிரே கன் பிடிக்கிற ஒரே பெண் அவள். சேர்ந்த புதிதில் உப்புத்தாளைக் கையில் கொடுத்து, பழைய பெயிண்டைச் சுரண்ட மட்டும் விட்டார்கள். சுரண்டிச் சுரண்டி அலுத்துப்போய் ஓடிவிடுவாள் என்று கணக்கு. இவள் தேய்த்துக் கொடுத்த பக்கம் மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் உரியாமல் நின்றது. அப்புறம் கன் தானாக அவள் கைக்கு வந்தது. எங்கள் பஸ்களுக்கு ஒரே நிறம்: கரும்பச்சை, ஜன்னலுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை. அந்தப் பச்சை அவள் நகக்கண்ணில் குடியேறிவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் நான் உட்கார்ந்து தேய் தேயென்று தேய்த்தும் போகவில்லை. "விடு, வேலை செய்யுற கைன்னு அவருக்கும் தெரியட்டும்" என்று சொல்லி அப்படியே மாலை மாற்றிக்கொண்டாள்.

பொம்மை பஸ் செய்கிற பைத்தியம் அவளுக்குப் பிடித்ததும் வேலை வழியாகத்தான். அவள் முதன்முதலில் பெயிண்ட் அடித்த பஸ் வயதாகி, உடைப்புக்குப் போனது. இரும்புக்காரன் லாரியோடு வந்து நின்றபோது இவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பஸ்ஸை வீட்டுக்கா கொண்டுபோக முடியும்? அளவெடுத்துக்கொண்டாள். பிளாஸ்டிக் அட்டையை வெட்டி, ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்கு அதே பஸ்ஸை அச்சு அசலாகச் செய்தாள். ஜன்னல், ஏணி, கண்டக்டர் சீட்டு, பக்கவாட்டுத் தகட்டில் வரிசையாக இருக்கும் ஆணித் தலைகள்கூட விட்டுப்போகவில்லை. அந்த ஆணித் தலை ஒவ்வொன்றும் ஊசி முனை அளவுதான் இருக்கும். படுக்கையறை ஜன்னலோரம் துணி தேய்க்கும் பலகைதான் அவள் பட்டறை. துணி தேய்க்க வேண்டுமென்றால் அண்ணன் கட்டிலில்தான் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

என் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் மொத்த விற்பனைக் கடையில் வேலை பார்க்கிறான். மொத்தமாக வாங்கினால் லாபம் என்பது அவனுக்கு வேதவாக்கு. துணி சோப்பு பெட்டி பெட்டியாக வரும். தலைவலி மாத்திரையைக்கூட டஜன் கணக்கில் வாங்கிவிட்டு, யாருக்காவது தலை வலிக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். அப்படிப்பட்டவன் வீட்டில் அண்ணி சுண்டு விரல் உயரத்துக்குப் பாட்டில் பாட்டிலாகப் பெயிண்ட் வாங்கி வந்தால் வயிறு எரியுமா எரியாதா? ஒரு பாட்டிலில் பத்து மில்லி. அதை ஆயிரம் மில்லிக்குப் பெருக்கிப் பார்த்துவிட்டு, இது பெயிண்டா அத்தரா என்று கேட்டான்.

அவள் பதில் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

"லிட்டர் டப்பா வாங்கி நான் என்ன, வீட்டுக்கா வெள்ளையடிக்கப் போறேன்? ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு பாட்டில் போதும். மிச்சம் டப்பாவுலயே ஏடு கட்டிக் காஞ்சு போகும். தூக்கிப் போடுற மிச்சத்துக்கும் சேத்துத்தானே காசு குடுக்குறோம்? முடிஞ்சுபோற பெயிண்ட்தாங்க மலிவு. மிஞ்சுற பெயிண்ட் எவ்வளவு மலிவாக் குடுத்தாலும் தண்டம்."

பிடிவாதத்துக்குச் சொன்னதில்லை. அடிப்பூச்சையும் வெள்ளையையும் அவள் பெரிய பாட்டிலில்தான் வாங்குவாள். அவை எல்லாப் பொம்மைக்கும் செலவாகும். மற்ற நிறங்களெல்லாம் சின்ன பாட்டில், அதுவும் மூக்கு வைத்த பாட்டில். திருகு மூடி போட்ட பாட்டிலில் பெயிண்ட் மரையில் காய்ந்து மூடியைப் பூட்டிவிடும். மூக்கு வைத்ததில் வேண்டிய சொட்டு மட்டும் வெளியே வரும், காற்று உள்ளே போகாது. ஒரு பொம்மையைத் தொடங்கும் முன்னால் ஒரே நம்பர் போட்ட பாட்டில்களை எல்லாம் ஒன்றாக ஊற்றிக் கலக்கிக்கொள்வாள். நம்பர் ஒன்றானாலும் போன மாதம் வந்ததற்கும் இந்த மாதம் வந்ததற்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்குமாம். பாதி பஸ்ஸில் பெயிண்ட் தீர்ந்து, புதிதாக வாங்கி மீதியை அடித்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி காட்டிக்கொடுத்துவிடும் என்பாள்.

ஷெட்டில் நாள் பூராவும் பெயிண்ட் நடுவே நிற்கிறவள், அங்கிருந்து ஒரு மூடி எடுத்து வந்தால் யாருக்குத் தெரியும் என்று நானே ஒருமுறை வாயைக் கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது பஸ்ஸோட பெயிண்ட் என்றாள். அதற்கப்புறம் நான் ஏன் கேட்கிறேன்.

இந்தக் கதையின் வில்லன் ஒரு பீப்பாய். முன்பெல்லாம் ஷெட்டுக்குப் பெயிண்ட் நாலு லிட்டர் டப்பாக்களில் வரும். எங்கள் ஸ்டோர்க்காரர், அதாவது சாமான் கிடங்குக்குப் பொறுப்பாளர், கணக்கில் புலி என்று பேர் எடுத்தவர். இருநூறு லிட்டர் பீப்பாயாக வாங்கினால் இவ்வளவு மிச்சம் என்று மேலே எழுதிப் போட்டார். தலைமை அலுவலகம் அவரைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. அதைக் கண்ணாடி போட்டுத் தன் கவுன்ட்டருக்கு மேலே மாட்டிக்கொண்டார். என் அண்ணனும் அவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்திருக்க வேண்டியவர்கள்.

முதல் பீப்பாய் வந்த அன்றே அண்ணி அவரிடம் சொன்னாள். டப்பாவென்றால் திறந்து கலக்கலாம். பீப்பாய்க்கு மேலே சின்ன வாய்தான் இருக்கிறது, கையால் சுற்றும் பம்பைச் சொருகித்தான் எடுக்க முடியும். கலக்காமல் எடுத்தால் நிறமெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் காலையில் பீப்பாயைப் படுக்கப்போட்டு உருட்டச் சொல்லுங்கள் என்றாள். பெயிண்ட் அடிக்கிறவர்கள் அடித்தால் போதும், ஸ்டோரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் அவள் வாயை அடைத்துவிட்டார். சுவரில் கடிதம் மாட்டின மனிதருக்கு யார் என்ன சொல்ல முடியும்.

மாதங்கள் போயின. ஒரு பீப்பாய்க்கு இத்தனை பஸ் என்று அவர் எழுதிக் கொடுத்த கணக்கு உதைத்தது. பீப்பாய்கள் தீர்ந்துகொண்டே இருந்தன, பஸ்கள் பாதிதான் பச்சையாயின. பெயிண்ட் எங்கே என்று மேலிடம் கேட்டது. தன் முதுகு தனக்குத் தெரியாதல்லவா, அவர் திருடனைத் தேட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து நூலக ஹாலில் பொம்மைக் கண்காட்சி வந்தது. விமானம், கப்பல், பீரங்கி என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அண்ணி தன் சாண் பஸ்ஸை வைத்தாள். நான் அதைப் பார்த்து, நம்ம பச்சையேதான் என்று வாய் பிளந்தேன். இல்லை என்று சிரித்தாள். நிஜ பஸ்ஸை நாம் தள்ளி நின்று பார்க்கிறோம், நடுவில் வெளிச்சமும் தூசியும் இருக்கின்றன. அதே பச்சையைச் சாண் பஸ்ஸுக்கு அடித்தால் கறுத்துப்போய்த் தெரியும், கொஞ்சம் வெளுப்புக் கலந்தால்தான் கண்ணுக்கு நிஜம் மாதிரி இருக்கும் என்று விளக்கினாள். எனக்குப் பாதி புரிந்தது. கூட்டத்தில் எங்கள் ஸ்டோர்க்காரரும் தன் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவருக்கு அந்தப் பாதிகூடப் புரியவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது, ஷெட்டில் அத்தனை பேரும் கூடி நிற்கையில் அவர் வந்து நின்றார். "பெயிண்ட் எங்க போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. நூலகத்துல போய்ப் பாருங்க, கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்குது" என்றார். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் டீ கேனோடு வாசலில் நின்றேன். கொதிக்கிற டீயை அந்த மனிதர் தலையில் கவிழ்த்தாலென்ன என்று சத்தியமாக நினைத்தேன்.

சாண் பஸ்ஸுக்கு எத்தனை லிட்டர் குடிக்கும் என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்கவில்லை. அவள் எடுத்து வெளியே விற்கிறாள், பொம்மை சும்மா சாக்கு என்று மதியத்துக்குள் கதை கைகால் முளைத்து நடந்தது. சாயங்காலம் முதல் அவள் வெளியே போகும்போது வாட்ச்மேன் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவளுடைய பையை மட்டும். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டுதான் பார்ப்பார். இவள் தலை நிமிர்ந்து, பையைத் தானே விரித்து, டிஃபன் டப்பாவின் மூடியையும் திறந்து காட்டுவாள். வரிசையில் பின்னால் நிற்கிறவர்களுக்குத்தான் கூசியது.

பிறகு மேனேஜர் கூப்பிட்டார். பொல்லாத மனிதர் இல்லை. பிரச்சினை தன் மேஜையைவிட்டு எழுந்து போனால் போதும் அவருக்கு. ஒரு தாளை நீட்டினார். சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் பெயிண்ட் எடுத்தேன், இனிமேல் எடுக்க மாட்டேன், மன்னிக்கவும் என்று அதில் டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம். போடாவிட்டால் வெள்ளிக்கிழமை விசாரணை, அதில் நிரூபணமானால் வேலை போகும்.

"பண்ணாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டா, பண்ணினதாத்தான் சார் அர்த்தம்" என்று சொல்லிவிட்டுத் தாளை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் என் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு கையெழுத்தில் என்ன குறைந்துவிடும், வீட்டுக் கடனை யார் கட்டுவது, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று தினமும் புலம்பினான்.  எனக்கு அவன்மீது கோபம்தான். ஆனால் அவன் பயந்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் சம்பளம் நின்றால் அந்த வீட்டில் கரண்டு பில் கட்டுவதே பாடு. அதைவிட, திருடி என்று வெளியே அனுப்பப்பட்டவள் கையில் வேறு எந்த ஷெட்டும் கன் கொடுக்காது. பயம் நியாயம்தான். பயந்துபோய் அவன் செய்தானே ஒரு காரியம், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அண்ணியின் பலகையின் மேல், எந்தப் பச்சை ஒத்துவரும் என்று பார்க்க அவள் வாங்கிய பாட்டில்கள் பத்துப் பதினைந்து இருந்தன. கடைக்காரர் ஒட்டின விலைச்சீட்டோடு இருந்தன. வெள்ளிக்கிழமை அவற்றைத்தான் கொண்டுபோய்க் காட்டுவதாக இருந்தாள். பணிமனையிலிருந்து ஆட்கள் வந்து வீட்டைச் சோதனை போடப் போகிறார்கள் என்று எவனோ அண்ணன் காதில் ஊதிவிட்டான். இத்தனை பச்சையைப் பார்த்தால் சந்தேகம்தானே வரும் என்று இவன் மூளை வேலை செய்தது. வியாழக்கிழமை அவள் வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாப் பாட்டிலையும் திறந்து ஒரே ஜாடியில் ஊற்றினான். அவள் ஒன்றாக ஊற்றிக் கலப்பதைத்தான் பார்த்திருக்கிறானே, அதனால் பெயிண்ட் வீணாகாது என்ற நினைப்பு வேறு. ஜாடியைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, காலி பாட்டில்களைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டான்.

ஒரே நம்பர் பாட்டில்களைத்தான் ஒன்றாக ஊற்றலாம் என்பது அவனுக்குத் தெரியாது. அதில் பாதி தண்ணீரில் கரைகிற பெயிண்ட், பாதி எண்ணெய்ப் பெயிண்ட். இரண்டும் சேர்ந்தால் பால் திரிகிற மாதிரி திரிந்துவிடும். அவள் வந்து, பாட்டில்கள் எங்கே என்று அவனைக் கேட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஜாடியை இழுத்துத் திறந்தபோது உள்ளே பச்சைத் தயிர் கட்டி கட்டியாக நின்றது.

நானும் அவளோடுதான் வந்திருந்தேன். இந்த வீட்டில் இன்றைக்குக் கூரை பறக்கப்போகிறது என்று காத்திருந்தேன். அவள் ஒரு குச்சியால் அந்தக் கட்டியைக் கிளறிப் பார்த்தாள். அண்ணன் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான்.

"நான் எடுத்திருப்பேன்னு நீங்களும் நினைச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினான். பிறகு உட்கார்ந்து அழுதான். அவளும் அழுதாள், ஆனால் சீக்கிரம் முடித்துக்கொண்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்து சாண் பஸ்ஸை எடுத்து, ஈரத் துணியால் தூசி துடைத்தாள். அவள் பெயிண்ட் வாங்குகிற பொம்மைக் கடைக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, சாட்சிக்கு வரட்டுமா என்று போன் செய்தார். வாடிக்கைக்காரருக்குக் கடைக்காரன் பரிந்து பேசுகிறான் என்பார்கள், வேண்டாம் என்றுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை மேனேஜர் அறையில் என்றுதான் ஏற்பாடு. இவள் போகவில்லை. எந்த இடத்தில் என்னைத் திருடி என்றீர்களோ அங்கேயே விசாரியுங்கள் என்று ஷெட்டிலேயே நின்றுகொண்டாள். வேறு வழியில்லாமல் மேனேஜர் இறங்கி வந்தார், பின்னால் ஸ்டோர்க்காரர். நான் கேன்டீனைப் பூட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு எவனுக்கு டீ இல்லாவிட்டால் எனக்கென்ன.

அண்ணி பைக்குள்ளிருந்து சாண் பஸ்ஸை எடுத்தாள். அப்போதுதான் பெயிண்ட் காய்ந்து நின்ற பஸ் ஒன்றின் பக்கவாட்டில் அதை ஒட்டிப் பிடித்தாள். மேனேஜர் குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தபோது ஒன்றாகத் தெரிந்த பச்சை, ஒட்டிப் பிடித்ததும் வேறு வேறாகிவிட்டது. பொம்மையின் பச்சை நன்றாக வெளுத்திருந்தது. கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது.

ஸ்டோர்க்காரர் விடவில்லை. நம் பெயிண்டிலேயே கொஞ்சம் வெள்ளையைக் கலந்திருப்பார்கள், இதென்ன பெரிய வித்தை என்றார். முணுமுணுப்பு அடங்கியது. பாட்டில்கள் இருந்திருந்தால் எடுத்துக் காட்டியிருக்கலாம், அவைதான் குப்பை வண்டியில் போய்விட்டனவே.

அண்ணி அவரையே பார்த்தாள். பிறகு திரும்பி, ஸ்பிரேக்குக் கலக்கி வைத்திருந்த எங்கள் பெயிண்ட் டின்னில் ஒரு பிரஷ்ஷை முக்கினாள். பச்சை சொட்டச் சொட்ட அதைத் தன் சாண் பஸ்ஸின் மேல் வைத்து, முன் கதவிலிருந்து பின் கதவு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

என்னை அறியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அந்தப் பொம்மைக்குக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிரஷ் போன தடத்தில் ஆணித் தலை ஒன்றுகூடத் தெரியவில்லை, எல்லாம் முழுகிவிட்டன. கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பெயிண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் நெளிய ஆரம்பித்தது. எங்கள் பெயிண்டை இளக்கக் கலக்கிற தின்னர் காரமானது. இரும்பு தாங்கும், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஜன்னல் சட்டம் வளைந்து, பக்கத் தகடு சுருங்கி, பஸ் விபத்தில் அடிபட்ட மாதிரி ஆகிவிட்டது.

"இதுதான் நம்ம பெயிண்ட்" என்றாள் அண்ணி. பிரஷ்ஷை ஸ்டோர்க்காரர் பக்கம் நீட்டினாள். "இதை அடிச்சு ஒரு பொம்மையை நிக்க வைங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

 மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்டோர்க்காரருக்குச் சொல்ல ஒன்றுதான் மிச்சமிருந்தது. அப்படியானால் பெயிண்ட் எங்கே போனது, காற்றிலா கரைந்தது என்றார்.

அவள் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது. ஷெட்டுக்குப் பின்னால் மதிலோரம் காலி பீப்பாய்கள் இரும்புக்காரனுக்காக வரிசையாக நிற்கும். நேரே அங்கே நடந்தாள். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். முதல் பீப்பாயை ஆட்டச் சொன்னாள். ஒருத்தர் தோளைக் கொடுத்துத் தள்ளினார், அசையவில்லை. இன்னொருவர் வந்து சேர்ந்தார். காலி பீப்பாய் இந்தக் கனம் கனக்குமா என்று கேட்டுவிட்டு அவரே நின்றுவிட்டார். வெல்டர் வந்து பெரிய உளியையும் சுத்தியலையும் வைத்து மேல் தகட்டைச் சுற்றி வெட்டித் திறந்தார். உள்ளே கால்வாசிக்கு மேல், பம்பால் இழுக்க முடியாத பச்சைச் சேறு. அண்ணி ஒரு கம்பியை எடுத்துக் குத்தினாள். கம்பி அப்படியே நட்டுக்கொண்டு நின்றது. அடுத்த பீப்பாயிலும் அதே கதைதான். மிச்சம் பண்ணின பெயிண்டெல்லாம் அங்கேதான் இருந்தது, இத்தனை நாளும் மதிலோரம் வெயில் காய்ந்துகொண்டு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் மறைக்கக்கூட இல்லை, அவருக்கே தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தெரியாத ஒன்றுக்காக ஒரு பெண்பிள்ளையைத் திருடி என்று சொல்ல மட்டும் தெரிந்திருக்கிறது.

சரி, விஷயம் முடிந்தது, எல்லோரும் போய் வேலையைப் பாருங்கள் என்றார் மேனேஜர். கூட்டம் கலையப் பார்த்தது. அண்ணி நகரவில்லை.

"முடியல சார். எல்லார் முன்னாடியும் சொன்னாரு. அதே மாதிரி எல்லார் முன்னாடியும் இல்லைன்னு சொல்லட்டும். அதுவரைக்கும் நான் கன்னைத் தொட மாட்டேன்."

ஷெட்டின் மூத்த பெயிண்டர், அவள் கையில் அன்றைக்கு உப்புத்தாளைக் கொடுத்த அதே ஆள், தன் முகமூடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். ஸ்டோர்க்காரர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பீப்பாயைப் பார்த்தார். கடைசியில் ஸ்டோர்க்காரர் வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்றாள் அண்ணி. இரண்டாவது தடவை, அவங்க எடுக்கலை, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கடைக்கோடியில் நின்ற எனக்கும் கேட்டது.

அன்று மாலை மேனேஜர் ஒரு லிட்டர் பச்சை டப்பாவைக் கொடுத்தனுப்பினார், பொம்மை வீணாகிவிட்டதே என்று. நல்ல மனதோடுதான் கொடுத்தார். அவள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? பொம்மைக் கடைக்குப் போய், பத்து மில்லி பச்சை இரண்டு பாட்டில், இரண்டும் ஒரே நம்பராக, மூக்கு வைத்ததாகப் பார்த்து வாங்கி வந்தான். விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. அதற்கு எவ்வளவு சிரமப்பட்டிருப்பான் என்று எனக்குத்தான் தெரியும்.

அவள் புதிதாக ஒரு பஸ் செய்ய ஆரம்பித்தாள். இந்த முறை வீட்டில் இல்லை. தினமும் காலையில் அந்தப் பச்சை பாட்டில்களைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி கேட்டைத் தாண்டி, நேரே ஸ்டோர் கவுன்ட்டருக்கு வருவாள். என் சாமான், வெளியிலிருந்து உள்ளே வருகிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்பாள். அதெல்லாம் வேண்டாம்மா என்று அவர் நெளிவார். எழுதினால்தான் நகருவேன் என்று நிற்பாள். எழுதுவார். மதியம் என் கேன்டீன் மேஜையில் உட்கார்ந்து, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் பொம்மைக்கு பெயிண்ட் அடிப்பாள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சாயங்காலம் திரும்பவும் கவுன்ட்டர், திரும்பவும் எழுதல். பாவம் விட்டுவிடேன் என்று ஒருநாள் நானே சொன்னேன். என் பையை எத்தனை நாள் பார்த்தார்கள், அப்போது யாராவது பாவம் என்றார்களா என்று கேட்டாள். 

பஸ் முடிந்த அன்று நானும் அவளோடு கவுன்ட்டருக்குப் போனேன். சுவரில் பாராட்டுக் கடிதம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவள் கடைசிப் பாட்டிலின் மூக்கைக் கழற்றி, பாட்டிலை அவர் நோட்டின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். அவர் பதறிப்போய்த் தாளைப் பின்னால் இழுத்தார். தாளில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"பயப்படாதீங்க. காலின்னு எழுதுறதுக்கு முன்னாடி இப்படிக் கவுத்துப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு, பஸ்ஸை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள்.